கல்லூரி திறந்துவிட்டது, எங்கள் ஊர் திறக்கவில்லை

மழைக்காலம் முடிந்ததும் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு பெரிய கட்டு மாணவர்களுடையது, பெற்றோருடையது. மற்றவர்கள் நிவாரணத் தொகை, பயிர்க் காப்பீடு என்று கேட்கும்போது இவர்கள் கேட்பது தேர்வு, வருகைப்பதிவு, மார்க் ஷீட், கட்டணம். வீடு கழுவி, அடுப்பு பற்றவைத்து, குடும்பம் எழுந்துவிட்டது என்று ஊர் நினைக்கும் சமயத்தில்தான் பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ஆலோசகர், அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறார்.

கேள்வி 1: ஐயா, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வாடகை வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த ஃபைல் நனைந்து, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களும் கல்லூரியின் முதல் இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட்களும் கூழாகிவிட்டன. இலவசமாக நகல் தருகிறார்கள் என்று அப்போது கேள்விப்பட்டோம். சேற்றை அள்ளிக்கொண்டிருந்ததில் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது பட்டம் முடித்துவிட்டேன். வேலைக்கு எடுத்த நிறுவனம் எல்லா அசலையும் கேட்கிறது. இனி வழி உண்டா?
(முன்னாள் மாணவி, பள்ளிக்கரணை)

பதில்: உண்டு அம்மா. காலக்கெடு முடிந்தது கட்டண விலக்குக்குத்தான். நகல் கேட்பதற்குக் கடைசித் தேதி கிடையாது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. மிக்ஜாம் வெள்ளத்தில் கல்லூரிச் சான்றிதழ்களை இழந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர, உயர்கல்வித் துறை தனி இணையதளமே திறந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் ஆவணங்கள் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம்கள் நடந்தன. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் வீடு மூழ்கியவர்களுக்கு முதல் சில வாரங்களில் சான்றிதழ் நினைவே வராது. வேலை கிடைத்த அன்றுதான் ஃபைலைத் தேடுவார்கள். முகாம் அதற்குள் பந்தலைப் பிரித்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளிச் சான்றிதழும் கல்லூரிச் சான்றிதழும் வேறு வேறு அலுவலகங்களின் பொறுப்பு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டுக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம். படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்து தொடங்குங்கள். மார்க் ஷீட்டுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். கல்லூரி முதல்வர் வழியாகப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் போயிருந்தால் அதைக் கொடுத்த பள்ளியோ கல்லூரியோதான் தர வேண்டும்.

துணை ஆவணங்கள் இரண்டு. தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்; கல்விச் சான்றிதழும் அதில் அடக்கம். இரண்டாவது பலருக்குத் தெரியாது: பேரிடரில் கல்விச் சான்றிதழ்களை இழந்ததற்கென்றே வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று கேட்கும் அதே இ-சேவை மையத்தில் இதையும் கேட்கலாம். வெள்ளம் வந்த வருடத்திலேயே வாங்கியிருந்தால் விசாரணை சுலபம். இப்போது கேட்டால், அந்த வீட்டில் அப்போது குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ரேஷன் கடையில் ரூ.6,000 நிவாரணம் வாங்கிய டோக்கன் என்று கையில் இருப்பதையெல்லாம் இணையுங்கள்.

நிறுவனத்துக்கு உடனே காட்ட, அரசின் டிஜிலாக்கர் செயலியைத் திறந்து பாருங்கள். ஆவணத்தை வழங்கிய துறையே அதில் நேரடியாக ஏற்றியிருந்தால், 2016-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அது அசலுக்குச் சமம். நீங்களே படம் பிடித்து ஏற்றிய பிரதிக்கு அந்தத் தகுதி கிடையாது. பட்டம் முடித்தவர் என்பதால் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் உங்களிடம் இருக்கலாம். கூழாகிப்போன இரண்டு செமஸ்டர்களின் மதிப்பெண்களும் அதில் இருக்கும். நடந்ததை நிறுவனத்துக்கு எழுதி, நகலுக்கு விண்ணப்பித்த ரசீதை இணைத்து, அவகாசம் கேளுங்கள். ரசீதைப் பார்த்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

கூழானதில் பதிவெண் தெரியும் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தாலும் எறியாதீர்கள். தொலைந்துவிட்டது என்று சொல்வதைவிடச் சேதமானதை ஒப்படைத்துக் கேட்பது எளிது. மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: நனைந்த சான்றிதழை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டிய தாள்களைப் பிய்க்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குள் இடையிடையே வெள்ளைத் தாளோ பருத்தித் துணியோ வைத்து, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். முடியாவிட்டால் பாலித்தீன் உறையில் போட்டு, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை படராது, பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

கேள்வி 2: இந்த மழையில் எங்கள் ஊர்த் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கலெக்டர் விடுமுறை முடிந்து கல்லூரி திங்கட்கிழமையே திறந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மறுபடி பஸ் வர இரண்டு வாரம் ஆனது. கல்லூரி திறந்துவிட்டது, எங்கள் ஊர் திறக்கவில்லை. அந்த நாட்களுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். ஒரு இன்டர்னல் தேர்வும் போய்விட்டது. ஏற்கெனவே காய்ச்சலில் சில நாள் லீவு. செமஸ்டர் எழுத முடியாது என்கிறார்கள். "மத்த பசங்க வந்தாங்களே" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
(பி.காம். இரண்டாம் ஆண்டு, கடலூர் மாவட்டம்)

பதில்: தம்பி, உங்கள் பிரச்சினையின் வேரைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறையும் தேர்வுத் தள்ளிவைப்பும் மாவட்ட வாரியாக வருகின்றன. தண்ணீரோ தாழ்வான ஊரைத் தேடிப் போகிறது. ஒரே வகுப்பில் ஒருவன் வீட்டில் கரண்ட் மட்டும் போயிருக்கும், இன்னொருவன் வீட்டில் கூரையே போயிருக்கும். பதிவேட்டில் இருவரும் ஒரே மாவட்டம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 விழுக்காடு வருகைக்கு 22 நாள் வரை தவறலாம். கல்லூரி மூடியிருந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. திறந்த பிறகு நீங்கள் வராத இரண்டு வாரம் சேரும். அதுவே 12 நாள். காய்ச்சல் லீவு மிச்சத்தைத் தின்றுவிட்டது.

அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. நம் கலை அறிவியல் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 65 முதல் 75 விழுக்காட்டுக்குள் இருப்பவர்கள் கண்டொனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்தருளல்) கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால்தான் அடுத்த பருவத்துக்குத் தள்ளுவார்கள். முதலில் அலுவலகத்தில் உங்கள் விழுக்காட்டை எழுத்தில் வாங்குங்கள். "எழுத முடியாது" என்று வாயால் சொன்னதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

அடுத்து ஒரு மனு. முதல்வருக்கு, வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர் வழியாக. ஒரு நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. அதில் மூன்று கோரிக்கைகளைத் தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். ஒன்று, போக்குவரத்து நின்ற நாட்களை ஆப்சென்ட் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். இரண்டு, தவறிய இன்டர்னலுக்கு மறுதேர்வு வேண்டும். மூன்று, கண்டொனேஷன் தேவைப்பட்டால் அதன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று பொதுவாக முடித்தால் யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டார்கள். எந்தக் கோரிக்கை யார் மேசைக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால்தான் கோப்பு நகரும்.

இணைப்பாக, பாலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை துண்டிக்கப்பட்டிருந்தது என்று விஏஓவிடம் ஒரு சான்று வாங்குங்கள். நாளிதழ்ச் செய்தியும் புகைப்படமும் இருந்தால் நல்லது. உங்கள் ஊர் மாணவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் சேர்ந்து போங்கள். மனு கொடுத்ததற்குத் தேதியோடு முத்திரை வைத்த நகல் கையில் இருக்கட்டும்.

"மத்த பசங்க வந்தாங்களே" என்பதற்கு வாய்ப்பேச்சு வேண்டாம். விஏஓ சான்றே பதில் சொல்லும். முதல்வர் தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றால் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். அவசரமான விஷயங்களில் துணைவேந்தர் முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு ஆட்சிக்குழுவின் ஒப்புதலைப் பெறுவது வழக்கத்தில் உள்ளதுதான். புதிதாக எதையும் கேட்கவில்லை நீங்கள்.

கேள்வி 3: என் மளிகைக் கடையில் இருந்த சரக்கு முழுக்கத் தண்ணீரில் போய்விட்டது. மகன் தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்விக் கடன் இருக்கிறது. இந்த செமஸ்டருக்கு என் பங்குக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. ஹால் டிக்கெட் தர மாட்டோம், சான்றிதழும் எங்களிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். அவனை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.
(தந்தை, நாகப்பட்டினம்)

பதில்: நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் கடன் நிற்கும், பட்டம் மட்டும் போகும். கல்லூரி, வங்கி, அரசு என்று மூன்று இடங்களுக்குத் தனித்தனியாகப் போக வேண்டும்.

கல்லூரியில் தள்ளுபடி கேட்பதைவிடத் தவணை கேட்பது நடக்கும். எத்தனை தவணை, எந்தெந்தத் தேதி என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். தாமதக் கட்டணத்தை நீக்கக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தின் வெள்ளப் பாதிப்புச் சான்றை இணையுங்கள். சான்றிதழ் விஷயத்தில் பயப்பட வேண்டாம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கையே வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்கான ஏஐசிடிஇ விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வங்கியில், கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆகவே மகனின் கடன் இன்று உங்களை நெருக்காது. நெருக்குவது கடைக்கு வாங்கிய கடனாக இருக்கும். இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதிகளில் கடன்களை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. அரசு அப்பகுதியைப் பேரிடர் பாதித்ததாக அறிவித்திருக்க வேண்டும். பேரிடருக்கு முன்பே தவணை நிலுவையில் இருந்த கணக்குக்கு அது பொதுவாகப் பொருந்தாது. அதனால் தவணை நின்ற பிறகு போவதைவிட, நிற்பதற்கு முன்பே மேலாளரைப் பாருங்கள்.

அரசிடம் புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கல்வி உதவித்தொகைகள் பலவற்றுக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். கடை நன்றாக நடந்த காலத்துச் சான்றை வைத்துத் தகுதியில்லை என்று விட்டிருந்தால், இப்போதைய வருமானத்தில் தகுதி வரலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகை வாங்கியாயிற்றா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவந்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். வெள்ளத்தில் ஃபோனும் சிம்மும் போய், வங்கிக் கணக்கு முடங்கியதால் இந்தத் தொகை வராமலிருக்கும் வீடுகளும் உண்டு. கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். மகனை அவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி 4: 2023 வெள்ளத்தில் என் மகன் ஒரு இரவு முழுக்க மாடியில் தவித்தான். அப்போது பிளஸ் ஒன். இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டான். மழை பெய்தால் இன்றைக்கும் தூங்க மாட்டான். இந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து கல்லூரிக்கே போகவில்லை. "எல்லாரும் மறந்தாச்சு, உனக்கு மட்டும் என்ன" என்று அவன் அப்பா திட்டுகிறார்.
(தாய், ஏரல்)

பதில்: அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் அம்மா. அந்த டிசம்பரில் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு வருடத்து மழையைவிட அதிகமானது ஒரு நாளில். மாடியில் நின்று அதைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டு வருடம் நீண்ட காலமே கிடையாது.

அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் பகுதிச் சமுதாயக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த ஆயிரம் பேரை ஆய்வாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் ஏழ்மையான இளம் தாய்மார்கள். புயலுக்குப் பிறகும் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். பெரும்பாலானோர் தேறினார்கள். ஆனால் 12 ஆண்டு கழித்தும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. மறக்காதது உங்கள் மகனின் பலவீனம் கிடையாது. சிகிச்சை உள்ள ஒரு நிலை அது.

தேசிய மனநல உதவி எண் 14416. எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மாநில அரசின் 104-லும் பேசலாம். நேரில் பார்க்க மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. உயிரை வெறுத்துப் பேசினான் என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள்.

படிப்புப் பக்கம் ஒன்று சொல்கிறேன். காரணம் சொல்லாமல் வராமலே இருந்தால் பதிவேட்டில் அவன் படிப்பை விட்டவன். மருத்துவர் கடிதத்தோடு போனால் மருத்துவக் காரணத்துக்கான வருகைச் சலுகை கிடைக்கும். இந்த வருடம் முடியவே முடியாது என்றாலும் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் அதே இடத்தில் தொடரலாம். அவனை இப்போதைக்குக் கல்லூரிக்குத் தள்ள வேண்டாம். நீங்கள் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள்.

கேள்வி 5: வெளிநாடுகளில் பல்கலைக்கழகமே மூழ்கினால் என்ன செய்கிறார்கள்? நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
(ஆய்வு மாணவர், திருச்சி)

பதில்: இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

2005 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து இறங்கிய நாள். அன்றே அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்காட் கோவன். போக இடமில்லாதவர்களைப் பேருந்துகளில் ஏற்றிப் பக்கத்து மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை கத்ரீனா கரைகடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது.

டுலேன் அந்த செமஸ்டரையே ரத்து செய்தது. மாணவர்கள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் போய் அமர்ந்தார்கள். மதிப்பெண் பட்டியல் இல்லாமலே பல கல்லூரிகள் சேர்த்துக்கொண்டன. அதைத் தர வேண்டிய பல்கலைக்கழகத்தின் கணினிகளே முடங்கிக் கிடந்தன. டுலேனில் ஏற்கெனவே கட்டணம் கட்டியவர்களிடம் இரண்டாவது முறை வாங்கவில்லை. 2006 ஜனவரி 17-இல் டுலேன் திறந்தபோது பெரும்பாலான மாணவர்கள் திரும்பி வந்தார்கள். விட்ட பாடங்களைப் பிடிக்க அந்தக் கோடையில் கூடுதலாக ஒரு குறுகிய பருவம் நடந்தது. அதே நகரின் டில்லர்ட் பல்கலைக்கழகம், வளாகம் பாழானதால், 2006-இன் முதல் பருவத்தை ஹில்டன் ஓட்டலிலேயே நடத்தியது. எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. பண நெருக்கடியில் டுலேன் தன் பொறியியல் துறைகள் பலவற்றை மூடியது. அங்கே படித்தவர்களுக்குப் புயல் இரண்டாவது முறையும் வந்தது.

இன்னொன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். அங்கே வந்தது வெள்ளம் அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அங்கே 185 பேர் இறந்தார்கள். கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் கட்டடங்களைப் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க, வாகன நிறுத்துமிடங்களில் கூடாரம் அடித்து வகுப்புகள் தொடங்கின. சாம் ஜான்சன் என்ற மாணவர் 2010 நிலநடுக்கத்தின்போதே ஃபேஸ்புக் வழியாகத் திரட்டிய மாணவர் படை, தெருத்தெருவாகப் போய் மண்ணுக்கடியிலிருந்து பீறிட்ட சேற்றை அள்ளியது. பிறகு பல்கலைக்கழகம் அந்தத் தொண்டை அடிப்படையாகக் கொண்டு ஒரு பாடத்தையே உருவாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் பணத்தையோ ஓட்டலையோ அல்ல. மாணவர் சொன்னதை முதலில் நம்பினார்கள், காகிதத்தைப் பிறகு கேட்டார்கள். நம் நடைமுறை தலைகீழ். எல்லாக் காகிதத்தையும் தண்ணீரில் விட்டவனிடம் முதலில் கேட்பதே காகிதம்தான். அவர்களுக்கு இல்லாத வசதி ஒன்றும் நமக்கு இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் பல மாவட்டங்களில் கல்லூரிகள், ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். சொந்த ஊர் மூழ்கி, உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் மாணவர் அங்கே அருகிலுள்ள தேர்வு மையத்தில் எழுத ஒரு சுற்றறிக்கை போதும். தேர்வைத் தள்ளிவைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவதால்தான் இது யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி 6: நிவாரணப் பணிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டூட்டி வருகை) கிடைக்குமா சார்?
(என்.எஸ்.எஸ். மாணவர், மதுரை)

பதில்: கல்லூரி அனுப்பியிருந்தால் கிடைக்கும். திட்ட அலுவலரின் கையெழுத்தோடு, கிளம்பும் முன்பே பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நண்பர்களோடு வேனில் ஏறிப் போய்விட்டு வந்து கேட்டால் தருவது ஆசிரியரின் பெருந்தன்மை. என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம் கணக்கு உண்டு. செய்த பணியை அதில் பதியுங்கள். போகும் இடத்தில் உங்களைப் போன்ற மாணவர்கள் இருப்பார்கள். சேறு அள்ளுவதோடு, அவர்களுக்கு இ-சேவை விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஃபோனும் இணையமும் உங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை.

கேள்வி 7: நான் கல்லூரியில் வகுப்பு ஆசிரியை. ஒவ்வொரு மழைக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பல்கலைக்கழக விதியை என்னால் மாற்ற முடியாது. என் அளவில் என்ன செய்யலாம்?
(உதவிப் பேராசிரியை, திருவாரூர்)

பதில்: இந்தக் கட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் கேள்விதான் அம்மா. மேலே நான் சொன்ன அத்தனை வழிகளும் மனு எழுதத் தெரிந்தவர்களுக்குப் பயன்படும். அதிகம் இழந்த பிள்ளை மனு எழுதுவதில்லை. அது திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடும், அல்லது வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அந்தப் பிள்ளையை நாம்தான் தேடிப் போக வேண்டும். வகுப்பு ஆசிரியரைவிட அதற்கு அருகில் இருப்பவர் வேறு யாரும் இல்லை.

மழை வருவது நமக்குத் தெரியாத ரகசியமா? தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருகிறது. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகளோ நவம்பர், டிசம்பரில்தான் நடக்கின்றன. வருடா வருடம் தேர்வு தள்ளிப்போவது விபத்தல்ல, நாட்காட்டியின் விளைவு. தேர்வுத் தேதி உங்கள் கையில் இல்லை. ஆனால் செய்முறைத் தேர்வையும் இன்டர்னல்களையும் முடிந்தவரை முன்கூட்டியே நடத்தத் துறைக் கூட்டத்தில் பேசலாம். ரெக்கார்டு நோட்டு நனைந்தால் மறுபடி எழுதச் சொல்லாமல், சரிபார்த்த பக்கங்களை முன்பே படம் பிடித்து வைக்கச் சொல்லலாம்.

செப்டம்பரிலேயே ஒரு பட்டியல் தயாரியுங்கள். பெயர், ஊர், எந்த ஆறு அல்லது வாய்க்காலைத் தாண்டி வருகிறார், வீட்டில் இரண்டாவது ஃபோன் எண் யாருடையது, கூரை வீடா என்பது வரை. ஒரு வகுப்பு நேரம் போதும். மழை வந்ததும் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பிள்ளைகளின் ஆவணங்களை டிஜிலாக்கரில் எடுத்துப் பார்க்கும் வேலையையும் அன்றே வகுப்பில் முடித்துவிடலாம்.

வெள்ளம் வடிந்து கல்லூரி திறந்த மூன்றாம் நாள், வராதவர்களை அந்தப் பட்டியலில் குறித்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "எப்போது வர முடியும், என்ன போயிற்று" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி, பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் சேர்த்து ஒரே பரிந்துரையாக முதல்வரின் கையெழுத்தோடு தேர்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். தனி மாணவரின் மனு மேசையில் கிடக்கலாம். கல்லூரியின் கடிதத்துக்குத் தேர்வுப் பிரிவு பதில் எழுதியே ஆக வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவன். பட்டியல் வைத்து எழுதும் கல்லூரியின் பிள்ளைகளுக்கு வேலை நடந்துவிடும். கூடவே, அடுத்த மழைக்கு முன் இந்த ஏற்பாட்டைக் கல்விக் குழுவில் வைத்து நிலையான விதியாக்கக் கேளுங்கள். விதி வரும்வரை உங்கள் வகுப்பில் இதை நடத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.